செருப்பு கழன்றதை அறியாத பாதம்

(இஷாத் தொழுகைக்குப் பின் பள்ளிவாசலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இன்று என் பாதங்களைப் பற்றிப் பேச அனுமதியுங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் ஃபஜ்ருத் தொழுகைக்காக வந்து, வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தேன். இடக்காலில் செருப்பே இல்லை. தெருவில் எங்கோ கழன்று விழுந்திருக்கிறது. வெறுங்காலுடன் நடந்து வந்திருக்கிறேன், தெரியவில்லை.

அதற்கு முன்பே நம் மஹல்லாப் பெரியவர் ஒருவர், "ஹஜ்ரத், செருப்பு காலில் நிற்க மாட்டேன் என்கிறது" என்று என்னிடம் கூறியிருந்தார். புதுச் செருப்பு வாங்கச் சொல்லிச் சிரித்தபடி அனுப்பி வைத்தேன். பின்னர் அவர் கூட்டுத் தொழுகைக்கு வருவது குறைந்தது. சோம்பல் என்றே எண்ணினேன். சுடு தரையில் நடந்து உள்ளங்கால் கொப்பளித்ததும், புண் ஆறாமல் இரு விரல்களை இழந்ததும் பிறகுதான் தெரிய வந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ஆயினும் உறுத்தல் போகவில்லை. இந்த உரைக்கு அதுவே காரணம்.

மருத்துவர் என் கண்களை மூடச் சொல்லி, 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் பாதத்தைப் பல இடங்களில் தொட்டார். பாதி இடங்களில் எனக்கு உணர்வில்லை. நீரிழிவினால் நரம்பு பழுதுபடும்போது, நீளமான நரம்பே முதலில் தளர்கிறது. இடுப்பிலிருந்து கால்விரல் வரை ஏறத்தாழ ஒரு மீட்டர் ஓடும் நரம்பு அது. ஆதலால் விரல் நுனியில் மரத்தல் தொடங்குகிறது. உணர்வு மட்டுமா போகிறது? பாதத்திற்குள் இருக்கும் சிறு தசைகளும் மெலிகின்றன. விரல்களை நேராக வைத்திருப்பவை அவையே. அவை தளர்ந்தால் விரல்கள் பறவையின் நகம் போல் வளைகின்றன. நடக்கும்போது முன்பாதத்தின் எலும்புகள் தரையில் அழுந்தி, தோல் காய்த்து, உள்ளே புண்ணாகிறது. வலி இல்லாததால் எவரும் கவனிப்பதில்லை.

இவ்வுண்மை நம் மாநிலத்தோடு தொடர்புடையது. 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், தொழுநோயாளிகளின் கால்கள் தாமாக அழுகுவதில்லை, வலி அறியாமல் அடிபடுவதாலேயே சிதைகின்றன என்பதை எடுத்துரைத்தார். 1966-இல் அமெரிக்கா சென்றபின் அதே அறிவை நீரிழிவுப் பாதங்களுக்கும் பயன்படுத்தினார்.

இனி வீட்டில் செய்ய வேண்டியது. இயன்முறை மருத்துவர் எனக்குக் கற்பித்தவற்றில் கடினமானது, பார்ப்பதற்கு எளிதானது. நாற்காலியில் அமர்ந்து பாதத்தைத் தரையில் பதியுங்கள். விரல்களை மடக்காமல், பெருவிரலின் அடிப்பகுதியைக் குதிகால் நோக்கி இழுத்து, உள்ளங்கால் வளைவைச் சற்றே உயர்த்துங்கள். 5 விநாடி நிறுத்தி விடுங்கள். 10 முறை. முதலில் விரல்கள் சுருண்டுகொள்ளும், வளைவு எழாது. எனக்குப் பிடிபட மூன்று வாரம் சென்றது. என் மகள் அருகில் அமர்ந்து, "அத்தா, மறுபடியும் விரலை மடக்குறீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அடுத்து, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி குதிகால்களை மெல்ல உயர்த்தி, அதைவிட மெல்ல இறக்குதல். பிறகு சுவரோரம் ஒற்றைக் காலில் 10 விநாடி நிற்றல். ஈரத் தரையில் வேண்டாம். பிடித்துக்கொள்ள ஏதும் இல்லாமலும் வேண்டாம்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். என் மரத்துப்போன விரல்களில் உணர்வு திரும்பவில்லை. இப்பயிற்சி நரம்பைப் புதிதாக்கிவிடும் என்று எவர் கூறினாலும் நம்பாதீர்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதற்கு மாற்றும் ஆகாது. ஆனால் ஸஜ்தாவிலிருந்து எழும்போது தடுமாறி மிம்பரைப் பற்றிய நிலை இன்று எனக்கில்லை. மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் உண்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். அக்குறையும் நரம்பைத் தாக்கும். இரத்தப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

பயிற்சிக்கு முன் பாதத்தைப் பாருங்கள். புண் இருந்தால் பயிற்சி கூடாது. ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால், வலி இல்லாவிடினும் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். எலும்பு நொறுங்கத் தொடங்கியதன் அடையாளமாக அது இருக்கலாம். உளூவின்போது கால்விரல் இடுக்குகளைக் கோதிக் கழுவுகிறோம். மரத்த விரல் இடுக்கைக் கண்ணாலும் பார்த்து, ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். வெந்நீரின் சூட்டை முழங்கையால் சோதியுங்கள். அடுப்படியில் வெறுங்காலுடன் நிற்கும் நம் வீட்டுப் பெண்களின் பாதங்களையும் கேட்டுப் பாருங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

ஹவ்ளிலிருந்து உள்பள்ளி வரை கோடையில் தென்னை நார்ப் பாய் விரிக்க நிர்வாகக் குழுவினர் இசைந்துள்ளனர். பின்வார் வைத்த செருப்பை நானும் அணிகிறேன், அந்தப் பெரியவரும் அணிகிறார். அஸருக்குப் பின் வெளித் திண்ணையில் நாங்கள் இருவரும் கால் மணி நேரம் இப்பயிற்சியைச் செய்கிறோம். இன்னும் நான்கைந்து பேருக்கு அங்கே இடமுண்டு.