சந்தன வாசனை யாருக்குச் சொந்தம்?

சந்தன வாசனை தெய்வீகமானது, பிறவியிலேயே உயர்ந்த மரத்துக்குத்தான் அது வாய்க்கும் என்று நம் மக்கள் வெகுகாலமாய் நம்பி வருகிறார்கள். அந்த உயர்ந்த மரமோ, தன் வேரை அண்டைச் செடிகளின் வேரில் பதித்து, அவற்றின் சாரத்தையும் உறிஞ்சித்தான் வளருகிறது!

வாசனையும் தெய்வம் ஊதிவிட்டதல்ல. சாந்தலால் என்னும் எண்ணெய்ப் பொருளே அதில் முக்கியமானது. மரத்துக்குள் அதை உண்டாக்குபவை என்சைம்கள். அவற்றுக்கான குறிப்பு மரத்தின் ஜீன்களில் இருக்கிறது. ஆஸ்திரேலியா, கனடா ஆராய்ச்சியாளர்கள் இவ்வேலையின் முக்கியமான முதல் படிக்குரிய ஜீனை 2011-லும், கடைசிப் படிக்குரியதை 2016-லும் வெளியிட்டார்கள்.

அப்படிப்பட்ட ஜீன்களை எதற்குள் வைத்தார்கள்? ஈஸ்டுக்குள். ரொட்டி மாவை உப்பவைப்பதும், கள்ளைப் புளிக்கவைப்பதும் அதுதான். அது தன் உடல் தேவைக்காக ஏற்கெனவே செய்துவரும் ஒரு பொருளை, புதிதாய் வந்த என்சைம்கள் சாந்தலாலாக மாற்றிவிடுகின்றன. தீனி வெறும் சர்க்கரை. மரத்தில் வைரம் பாயப் பல வருஷம் வேண்டும். தொட்டியில் சில நாள் போதும். உயர்ந்த பிறவி எங்கே போயிற்று? யோசித்துப் பாருங்கள்!

2020-ல் பி.ஏ.எஸ்.எஃப். என்னும் ஜெர்மன் கம்பெனி, மக்காச்சோள மாவைக் கொண்டு நுண்ணுயிர்களால் செய்த சாந்தலாலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மரத்து எண்ணெயில் வேறு பல பொருள்களும் உண்டு. ஆகையால் இரண்டும் ஒன்றே என்று நாம் சொல்லவில்லை.

இனி முக்கியமான சங்கதிக்கு வருவோம். திப்பு சுல்தான் காலத்தில் மைசூரில் சந்தனம் ராஜ மரமாயிற்று. அரசர் போய்ச் சர்க்கார் வந்தும், 2001-ல் கர்நாடகத்தில் சட்டம் திருத்தப்படும்வரை, குடியானவன் நிலத்தில் முளைத்த மரமும் அவனுக்குச் சொந்தமாகவில்லை. இப்போது மரம் அவன் கைக்கு வருகிற சமயத்தில், வாசனை கம்பெனித் தொட்டிக்குப் போகிறது. மணம் மலிந்தால், மரம் நட்டுக் காத்திருப்பவன் கதி என்ன?

இதற்காக விஞ்ஞானத்தை வைவது அறிவுடைமையாகாது. காட்டு மரம் வெட்டுப்படாமல் தப்ப இது ஒரு வழி. குற்றம் தொட்டியில் இல்லை. தொட்டியின் சாவி ஒருவன் மடியிலேயே இருப்பதில்தான் இருக்கிறது.

ஆகவே தோழர்களே! உங்கள் பெண்பிள்ளைகளையும் ஆண்பிள்ளைகளையும் இந்த வித்தையைப் படிக்க வையுங்கள். நம் வரிப்பணத்தில் நடக்கும் சர்வகலாசாலைகள் இதைச் செய்து பொதுவில் வைக்கவேண்டும் என்று கேளுங்கள். கேளாதவனுக்கு, அரைத்த சந்தனத்தில் ஒரு பொட்டுக்கூடக் கிடைக்காது.