வலி மாத்திரையும் மூச்சிரைப்பும்



நம் தஞ்சைப் பகுதியில் ஆஸ்துமா எதனால் கூடுகிறது என்று கேட்டால், கதிரடிக்கும் களத்துத் தூசி, வைக்கோல், அரிசி ஆலை உமிச்சாம்பல், மார்கழிப் பனி என்று அடுக்கிவிடுவோம். அந்தப் பட்டியலில் நாம் சேர்க்காத ஒன்று நம் கைப்பையிலேயே இருக்கிறது. அதுதான் வலி மாத்திரை.

ஆஸ்துமா உள்ள பெரியவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 7 பேருக்கு ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற மருந்துகள் ஒத்துக்கொள்வதில்லை. மாத்திரை போட்ட அரை மணி முதல் 3 மணி நேரத்துக்குள் மூக்கு அடைத்து நீர் கொட்டும், கண் சிவக்கும், நெஞ்சு இறுகி மூச்சிரைக்கும். சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகலாம்.

பிரான்சு நாட்டு மருத்துவர் விடாலும் அவர் குழுவினரும் 1922இலேயே இதை விவரித்தார்கள். ஆஸ்பிரின் எப்படி வேலை செய்கிறது என்பதை ஜான் வேன் 1971இல் கண்டறிந்தார். 1982இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். வலியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் உடலில் உருவாவதை இம்மருந்துகள் தடுக்கின்றன. ஆனால், மூச்சுக்குழாயைச் சுருக்கும் லூக்கோட்ரையீன்களை அடக்கி வைப்பதும் புரோஸ்டாகிளாண்டின்களில் ஒரு வகைதான். அது குறைந்ததும், மதகுப் பலகையை எடுத்துவிட்ட வாய்க்கால்போல லூக்கோட்ரையீன் பெருகிவிடுகிறது. எனவே ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாதவருக்கு, அதே வகையிலுள்ள மற்றவையும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளாது.

சிறு பிள்ளைகளிடம் இது குறைவு. பெரும்பாலும் 20 வயதுக்குமேல், 30, 40 வயதுகளில் தொடங்குகிறது. அதாவது, வகுப்பறையில் நிற்கும் நமக்கும், நடவு முடிந்து இடுப்பு வலியோடு மருந்துக்கடைக்குப் போகும் நம் மாணவர்களின் தாய்மார்களுக்கும்தான் கவனம் தேவை. பல ஆண்டுகள் தொல்லையின்றி மாத்திரை போட்டவருக்கும் இது வரலாம். ஓயாத மூக்கடைப்பு, மூக்கினுள் சதை வளர்ச்சி, டிகிரி காபியின் மணம்கூடத் தெரியாமை, இவற்றோடு ஆஸ்துமாவும் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆசிரியர் அறையில் தலைவலி என்பவருக்கு நம் மாத்திரையை எடுத்து நீட்டும் பழக்கம் வேண்டாம். மாணவருக்கு நாமாக எந்த மாத்திரையும் தரவேண்டாம். 500 மில்லிகிராம் பாரசிட்டமால் இவர்களில் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். ஆனால் பாரசிட்டமாலோடு இபுபுரூஃபனோ டைக்ளோஃபினாக்கோ கலந்த மாத்திரைகளும் கடையில் உண்டு. அட்டையின் பின்புறத்தைப் படியுங்கள். வலிக்கு ஊசி போடும்போதும், பல் பிடுங்கும்போதும், கண்புரை அறுவைக்குப் பின் சொட்டு மருந்து தரும்போதும், “எனக்கு ஆஸ்துமா, இந்த மருந்து ஒத்துக்கொள்ளாது” என்று முதலிலேயே சொல்லுங்கள். ஓ.பி. சீட்டிலும் எழுதச் சொல்லுங்கள்.

யாருக்காவது இரைப்பு வந்தால் படுக்க வைக்காமல் நிமிர்ந்து உட்கார வையுங்கள். மருத்துவர் அவருக்குத் தந்துள்ள சால்பியூட்டமால் இன்ஹேலரை எடுத்துக்கொள்ளச் செய்யுங்கள். பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, உடனே 108ஐ அழையுங்கள்.

ஆஸ்துமா உள்ள எல்லோரும் அஞ்ச வேண்டியதில்லை. இதய நோய்க்கு ஆஸ்பிரின் எடுப்பவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது. ஒத்துக்கொள்ளாதவருக்கு ஆஸ்பிரின் தேவைப்பட்டால், மருத்துவமனைக் கண்காணிப்பில் சிறுகச் சிறுகக் கொடுத்துப் பழக்கும் முறையும் உண்டு.

நாளைக் காலை பள்ளிக்குச் சென்றதும் முதலுதவிப் பெட்டியைத் திறந்து, உள்ளே என்னென்ன மாத்திரைகள் இருக்கின்றன என்று பாருங்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்.