கதவின் கீழே அரை அங்குலம்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இந்தத் தொடரிலே பேசுமாறு அழைத்தவர்கள், "எதைப் பற்றிப் பேசப்போகிறீர்கள்?" என்று கேட்டார்கள். "கதவைப் பற்றி" என்றேன். "அகக்கதவா, புறக்கதவா?" என்று மறுகேள்வி வந்தது. தமிழாசிரியன் ஒருவன் கதவு என்று சொன்னால் தத்துவம் பேசப்போகிறான் என்று எண்ணுவது இயல்புதானே! நான் பேசப்போவது வெறும் மரக்கதவைப் பற்றி. இன்னும் திட்டமாகச் சொன்னால், கதவுக்கும் நிலத்துக்கும் இடையே கிடக்கின்ற அரை அங்குல இடைவெளியைப் பற்றி.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஒவ்வொரு காற்றுக்கும் ஒவ்வொரு பெயர் உண்டு. வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கச்சான். தென்மேற்கிலிருந்து வருவது சோழகம். சோழகம் எங்களுக்குப் புழுதியைக் கொண்டுவரும். வாடைக் காலமோ மழையைக் கொண்டுவரும். எங்கள் ஆண்டு மழையின் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையுள்ள மூன்று மாதங்களுக்குள்ளேயே பெய்து முடிந்துவிடுகின்றது.

வலிகாமத்திலே இருந்த எங்கள் பழைய வீட்டின் தலைவாசல் வடக்கு நோக்கியது. முதிரை நிலை, வேப்பம்பலகைக் கதவு. கதவின் அடியிலே ஒரு பெருவிரல் நுழையக்கூடிய இடைவெளி. கோடையிலே அப்படியொரு இடைவெளி இருப்பதே எங்களுக்குத் தெரியாது. பூனைக்குட்டி மாத்திரம் அதற்குள்ளே கையை விட்டு விளையாடும். ஐப்பசி பிறந்ததும் முதலிலே அதனூடாகக் காற்று ஊதும். பிறகு நிலத்திலே ஈரக் கோடொன்று தெரியும். கண் மூடித் திறப்பதற்குள் அந்தக் கோடு பாயின் தலைப்புவரை வந்துவிடும்.

அம்மா இதற்கொரு வழி வைத்திருந்தார். பழைய சேலையைக் கதவின் அகலத்துக்கு நீண்ட குழல்போலத் தைத்து, உள்ளே மணலை நிரப்பி, மேலே சாக்குத் துணியைச் சுற்றியிருந்தார். பிள்ளைகளாகிய நாங்கள் அதற்குப் 'பாம்புமூட்டை' என்று பெயர் வைத்தோம். பார்வைக்குப் பாம்புபோலக் கிடந்தது என்பதற்காக வைத்த பெயர். ஆனால் அது பாம்பைத் தடுப்பதற்கும் உதவியது என்பதைப் பிற்பாடுதான் அறிந்தேன். நிலத்திலே படுத்துறங்குவோரை இரவிலே கடிப்பது கட்டுவிரியனின் வழக்கம். கடிபட்டது பெரும்பாலும் வலியால் தெரிவதில்லை என்பதே அதன் கொடுமை. அத்தகைய பாம்புக்கும் மட்டைத்தேளுக்கும் கதவின் அடியிடைவெளிதான் வாசல்.

விளக்கு வைத்ததும் திறாங்கைப் போட்டுவிட்டு, பாம்புமூட்டையைக் கதவோடு சேர்த்து வைத்துக் காலால் ஒருமுறை அழுத்துவார் அம்மா. அதன் பிறகுதான் எங்கள் வீட்டிலே கதவு சாத்தப்பட்டது என்று பொருள். காலையிலே அதை எடுத்து அடுப்பங்கரையிலே காயப்போடுவார். நனைந்த மூட்டை நீரைத் தடுக்காது. தான் குடித்த நீரை உள்ளே கசியவிடும். கதவின் அடிப்பலகையையும் உக்கச் செய்யும். ஆகவே நாள்தோறும் வைக்கவேண்டும், நாள்தோறும் காயவிடவேண்டும். மாரி முடியும்வரை இது ஒருநாளும் தவறியதில்லை.

1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தது. எனக்கு அப்போது பதினாறு வயது. அப்பா சைக்கிளின் பின்பக்கத்திலே அரிசியையும் புத்தகக் கட்டொன்றையும் வைத்துக் கட்டினார். எல்லோரும் முற்றத்துக்கு வந்தபின்னும் அம்மா பாம்புமூட்டையைக் கையிலே ஏந்தியபடி வாசலிலே நின்றார். எனக்கு முதலில் விளங்கவில்லை. அந்த மூட்டையை உள்ளே இருப்பவர்தான் வைக்க முடியும். எல்லோரும் வெளியேறிவிட்ட வீட்டுக்கு அதை யார் வைப்பது? அப்பா கதவைப் பூட்டினார். அம்மா மூட்டையை வெளிப்புறத்திலே கதவோடு சேர்த்து வைத்து, வழக்கம்போலக் காலால் அழுத்திவிட்டு, மழையிலே இறங்கி நடந்தார்.

1996இல் திரும்பி வந்தபோது கதவும் இல்லை, நிலையும் இல்லை. விறகாயிற்றோ, வேறெங்கோ கூரையாயிற்றோ, யாரைக் கேட்பது! 'இல்வாய்' என்பதே முன்பின்னாக மாறி 'வாயில்' ஆயிற்று என்று இலக்கணத்தார் சொல்வார்கள். வீட்டின் வாய் என்பது பொருள். பிற்காலத்தில் இலக்கணப்போலிக்கு அந்த உதாரணத்தைக் கரும்பலகையிலே எழுதும்போதெல்லாம், சுவரிலே திறந்தபடி நின்ற அந்த வாய் என் கண்ணுக்குள் வரும். அந்த ஆண்டு மாரிக்கு வாசலிலே கிடுகுத் தட்டியொன்றைக் கட்டினோம். அம்மா புதிதாக ஒரு மூட்டை தைத்து, அந்தத் தட்டியின் அடியிலும் வைத்தார்.

நேயர்களே, இவ்வளவையும் கண்டு வளர்ந்த நான் 2016இல் வீடு கட்டியபோது என்ன செய்தேன் என்று கேளுங்கள். கால் தடுக்காமல் இருக்கட்டும், பார்வைக்கும் நேர்த்தியாக இருக்கட்டும் என்று வாசற்படி இல்லாமலே தரையோடு பதித்தேன். அம்மா மூட்டை தைக்கப் புறப்பட்டபோது, "புது வீட்டுக்கு அது அழகில்லை, விடுங்கோ அம்மா" என்றும் சொன்னேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. அப்பா அப்போது எங்களோடு இல்லை.

2020 டிசெம்பர் 2ஆந் திகதி இரவு 'புரெவி' சூறாவளி முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையே கரையைக் கடந்தது. அதையொட்டிய மழையிலே எங்கள் கூரை ஒழுகவில்லை, யன்னல்களும் தாங்கின. ஆனால் விடியற்காலையிலே எழுந்து காலை வைத்தபோது நிலம் முழுவதும் நீர். கதவின் அடியால் வந்த நீர். கறையானுக்குப் பயந்து அலுமாரியிலிருந்து இறக்கி, முன்னறை நிலத்திலே ஒரு பெட்டிக்குள் வைத்திருந்தேன், அப்பாவின் புத்தகங்களை. 1995இல் சைக்கிளிலே வந்த அதே கட்டு. அந்த மழையிலே அப்பா தம் சட்டையைக் கழற்றிப் போர்த்துக் காப்பாற்றிய கட்டு. கூரையும் கதவும் பூட்டும் உள்ள வீட்டிலே நனைந்துபோயிற்று.

ஒவ்வொரு தாளாகப் பிரித்து, இடையிடையே பழைய பத்திரிகைத் தாள்களை வைத்துக் காயவிட்டேன். பத்துப்பாட்டின் முறை வந்தது. அதிலே நக்கீரர் பாடிய நெடுநல்வாடை. பட்டப்படிப்பிலே படித்ததுதான். வாடைக் காலத்தின் குளிர், பிரிந்த தலைவனை நினைந்து வருந்தும் அரசி, பாசறையிலே உறங்காத அரசன் என்று பரீட்சைக்கு வேண்டியவற்றைக் குறித்துக்கொண்டு, அரண்மனையைக் கட்டும் பகுதியை வெறும் வருணனை என்று தாண்டிப்போனவன் நான். ஈரத்தாளைக் கிழியாமல் பிரிக்க வேண்டுமானால் மெல்லத்தான் பிரிக்க வேண்டும். ஆகவே அன்றைக்கு மெல்லப் படித்தேன்.

அந்த அரண்மனை வாயிலை நக்கீரர் எவ்வளவு கவனித்திருக்கிறார்! பருத்த இரும்பாலே பிணித்துச் செவ்வரக்குப் பூசிய இரட்டைக் கதவு. குவளைப் பூவும் பிடியானைகளும் செதுக்கிய மரவேலை. கொடியேந்திய யானை உள்ளே புகக்கூடிய உயரம். இவற்றுக்கு நடுவே ஒரு தச்சனை நிறுத்துகிறார். கைத்திறன் மிக்க அந்தக் கம்மியன் பொருத்துவாய்களை நெருக்கி இறுக்கியதனாலே அங்கே 'புரை' இல்லாமற் போயிற்றாம். யானை புகும் வாயிலைப் பாடிய புலவர், பலகைக்கும் பலகைக்கும் இடையே உள்ள சிறு வெளியையும் பார்த்திருக்கிறார். வாடையைப் பாடுகிறவர் அதைப் பாராமல் இருக்க முடியுமா?

அந்தப் பக்கத்தின் ஓரத்திலே அப்பா மைப்பேனாவால் ஏதோ எழுதியிருந்தார். அச்செழுத்து அப்படியே இருந்தது. அப்பாவின் எழுத்து நீலக் கறையாகப் பரவிக் கிடந்தது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன், முதலெழுத்துக்கூடத் தெரியவில்லை. அப்பா அந்த இடத்திலே என்ன எழுதினார் என்பது இனி எனக்குத் தெரியப்போவதில்லை.

மழை விட்டதும் ஊரிலே மூத்த தச்சர் ஒருவரை அழைத்தேன். "அடியிலே றப்பர் ஒன்றை அடித்துவிடுங்கள், அண்ணை" என்றேன். அவர் சிரித்தார். "மாஸ்டர், தண்ணி எந்த வழியாலை வருகுது எண்டு பாக்காமல் அடைக்கக்கூடாது" என்றார். வாளியிலே நீர் கொண்டுவரச் செய்து, கதவின் வெளிமுகத்திலே ஊற்றிவிட்டுக் குந்தியிருந்து பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார்.

பலகையில் வழிந்த நீர் அடிவிளிம்புக்கு வந்ததும் நேரே நிலத்தில் விழவில்லை. விளிம்பைப் பற்றிக்கொண்டு, அடிப்புறமாக ஊர்ந்து உள்ளே வந்து, பிறகுதான் சொட்டியது. காற்று அடித்தால் இன்னும் உள்ளே வரும். எதிர்ப்பக்கத்து யன்னல் திறந்திருந்தால் காற்று அந்த இடைவெளியால் இழுபடும். நீரையும் சேர்த்து இழுக்கும்.

"மாரியிலே மரம் ஊதும்தானே, இடைவெளி தானாக மூடாதா?" என்று கேட்டேன். மரம் அகலப்பாட்டிலேதான் ஊதும், நீளப்பாட்டிலே ஊதுவது அற்பம் என்றார். அதனாலேதான் மழைக்காலத்திலே கதவு பக்கத்திலே இறுகி நிற்கும். கீழ் இடைவெளியோ இருந்தபடியே இருக்கும்.

பிணைச்சலைக் கழற்றிக் கதவைச் சாய்த்து அடிப்புறத்தைக் காட்டினார். நான்கு ஆண்டுகளாக அங்கே வர்ணம் தொட்டதே இல்லை. கண்ணுக்குத் தெரியாத பக்கம் என்று விட்டிருக்கிறார்கள். மரத்தின் நரம்புகள் வெட்டுண்டு வாய் திறந்திருக்கும் பக்கம் அதுதான். நீரை அதிகம் குடிப்பதும் அதுதான். நன்றாகக் காயவிட்டு இருமுறை வர்ணம் பூசினார். வெளிமுகத்தின் அடியிலே, வெளிநோக்கிச் சரிந்த பலகையொன்றைக் குறுக்காகப் பொருத்தினார். அந்தப் பலகையின் அடிப்பக்கத்திலே உளியால் நீளத்துக்கு ஒரு சிறு பள்ளம் கீறினார். ஊர்ந்து வரும் நீர் பள்ளத்தைத் தாண்டமாட்டாமல் அங்கேயே சொட்டிவிடும். யன்னலின் மேலுள்ள சீமெந்துத் தட்டின் அடியிலே மேசன்மார் கோடு போடுவதும் இதற்காகவே என்று அன்றுதான் அறிந்தேன். பிறகு, நான் வேண்டாம் என்ற வாசற்படியைச் சீமெந்தினாலே தாழ்வாக, வெளிப்பக்கம் சரிவாகக் கட்டுவித்தார். எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான், நான் முதலிலே கேட்ட றப்பர் கீற்றை உட்புறத்திலே, படியைத் தொட்டும் தொடாமலும் இருக்குமாறு அடித்தார்.

கதவின் மேலே உள்ள காற்றுவழியை நான் சுட்டிக்காட்டியபோது, "அது கிடக்கட்டும் மாஸ்டர், வீட்டுக்கு மூச்சும் வேணும்" என்றார். அந்தச் சொல்லை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. என் முதல் நியமனம் நுவரெலியா மாவட்டத்திலே. அங்கே குளிருக்குக் கதவின் அடியிலே சாக்கைத் திணித்துவிட்டு, கரிச்சட்டியை அறைக்குள்ளே வைக்க முற்படுவோரைக் கண்டிருக்கிறேன். நெடுநல்வாடையிலும் மக்கள் தடவு என்னும் நெருப்புச் சட்டியைச் சூழ்ந்து குளிர்காய்கிறார்கள். எல்லா வழியையும் அடைத்த அறையிலே கரி எரிந்தால் காபனோரொட்சைட்டு என்னும் வாயு சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குவோரின் உயிரையே குடித்துவிடும். மழையை வெளியே நிறுத்துவது வேறு, வீட்டின் மூச்சை நிறுத்துவது வேறு.

'புரை' என்ற சொல்லுக்குத் தமிழிலே உள்துளை என்றும் பொருள், குற்றம் என்றும் பொருள். வள்ளுவர் வாய்மை அதிகாரத்திலே அதைக் குற்றம் என்ற பொருளிலே ஆள்கிறார். ஒரே சொல்லுக்கு இவ்விரு பொருளும் வந்தது ஏன் என்று மாணவர்கள் முன்னர் கேட்டிருந்தால், அகராதியைப் பார் என்று சொல்லியிருப்பேன். இப்பொழுது எனக்கு வேறொரு விடை உண்டு. இடைவெளி தன்னளவிலே குற்றமன்று. கதவு அசைவதற்கு அது வேண்டும். அதைத் தெரிந்தும் பாராமல் விடுவதே குற்றம். தச்சர் கதவைச் சாய்த்துக் காட்டிய அந்த அடிப்பக்கம்போல, யாரும் பாராத பக்கத்திலேதான் நீர் முதலில் ஏறுகின்றது. என் வகுப்பறைக்கும் இது பொருந்தும். வருணனைதானே என்று நான் தாண்டிப்போன அடிகளுக்கும் இது பொருந்தும்.

அந்த வேலை முடிந்த பிறகு எத்தனையோ மழை பெய்துவிட்டது. கதவின் அடியால் ஒரு சொட்டு நீர் வந்ததில்லை. ஆனாலும் ஐப்பசி பிறந்தால் அம்மா சேலைத் துணியும் மணலுமாக உட்கார்ந்துவிடுகிறார். விளக்கு வைத்ததும் மூட்டையைக் கொண்டுவந்து வைக்கிறார். முன்னைப்போலக் குனிய முடிவதில்லை. காலாலே தள்ளித்தான் வைக்கிறார்.

"இனி இது தேவையில்லையே அம்மா" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.

"கிடக்கட்டும் தம்பி. மாரி முடியட்டும்" என்றார்.

அழகில்லை என்று இம்முறை நான் சொல்லவில்லை. காலையிலே அதை எடுத்து வெயிலிலே காயப்போடுவது இப்போது என் வேலை.