பூங்காவும் வேண்டும், கூரையும் வேண்டும்!

(ஆவடி–அம்பத்தூர் வட்டாரத் தொழிலாளர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



நமது வட்டாரத்தில் ஒரு வழக்கு நடக்கிறது. கோர்ட்டில் அல்ல, டீக்கடையிலும், குழாயடியிலும், பூந்தமல்லி பஸ்ஸிலும், ஆவடி ரயிலிலும் நடக்கிறது. “பூங்கா பாழாய்ப் போயிற்று. விளக்கு எரியவில்லை. ஊஞ்சல் அறுந்து தொங்குகிறது. இரவானால் யார் யாரோ வந்து படுக்கிறார்கள். வேலி போட்டுப் பூட்டு, படுத்திருப்பவனை விரட்டு” என்கிறது ஒரு கட்சி. “கூரை இல்லாதவன் எங்கே போவான்?” என்கிறது மறு கட்சி. இரண்டு கட்சியிலும் இருப்பவர்கள் உழைப்பாளிகள்தான். அண்ணனும் தம்பியும் மல்லுக்கு நின்றால் ஆதாயம் யாருக்கு?

குறை கூறுபவர்களின் பேச்சை முதலில் கேட்போம். அது பொய்ப் பேச்சல்ல. இரண்டாம் ஷிப்டு முடிந்து வரும் பெண், இருண்டு கிடக்கும் பூங்காவின் ஓரமாக நடக்க அஞ்சுகிறாள். மூலையெல்லாம் அசுத்தம், உடைந்த சாராய பாட்டில், குழந்தையை விளையாட அனுப்ப மனம் துணியவில்லை. பணக்காரனுக்கு வீட்டைச் சுற்றியே தோட்டம் உண்டு. ஒற்றை அறையில் ஐந்து பேர் குடியிருக்கும் தொழிலாளிக்குப் பூங்காதான் முற்றம், அதுதான் காற்று, அதுதான் கிழவனும் கிழவியும் மாலையில் உட்காரும் திண்ணை. ஆகவே பூங்காவைச் சீராக்கு என்னும் கோரிக்கை நூற்றுக்கு நூறு நியாயமானது. அதை விட்டுக் கொடுக்க முடியாது.

படுத்திருப்பவர் யார்?

இப்போது பெஞ்சிலே துண்டை விரித்துப் படுத்திருப்பவனைப் பார்ப்போம். அவன் வானத்திலிருந்து குதித்தவனா? பகலில் லாரியில் மூட்டை ஏற்றியவன். கட்டட வேலையில் ஜல்லி சுமந்தவன். ஓட்டலில் பாத்திரம் துலக்கியவன். காண்டிராக்டரிடம் நாள் கூலிக்கு நிற்பவன். பிள்ளைகள் கைவிட்ட முதியவரும், குடிகாரப் புருஷனிடம் அடிபட்டு வெளியேறிய பெண்ணும், சித்தம் கலங்கியவரும் அங்கே உண்டு.

கிராமத்திலிருந்து வந்திருக்கும் விவசாயத் தொழிலாளித் தோழர்களே, உங்களுக்கு இது புதிதல்ல. மழை பொய்த்தால் வேலை இல்லை. மழை பெய்தாலும் அறுவடை மெஷின் வயலில் இறங்கினால் வேலை இல்லை. கையில் ஒரு பையுடன் பட்டணத்துக்கு ரயிலேறுகிறவன், வாடகை அட்வான்சுக்கு எங்கே போவான்? இன்று பூங்காவில் கிடப்பவன், நேற்று உங்கள் பக்கத்தில் நின்று நாற்று நட்டவன். 2011ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படி, வீடில்லாதவர்கள் என்று இந்தியாவில் எண்ணப்பட்டவர்கள் 17 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேல்.

1955ல் இதே ஆவடியில் கூடித்தான் காங்கிரஸ் மகாசபை “சோஷலிச பாணி சமுதாயம்” என்று தீர்மானம் போட்டது. 1964ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. 1965ல் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. மெஷின் நிற்க இடம் கிடைத்தது. மெஷினை ஓட்டும் கை ஓய்வெடுக்க அதே தாராளத்துடன் இடம் கிடைத்ததா? வெளிமாநிலத் தொழிலாளிக்குத் தங்குமிடம் தரும் பொறுப்பை 1979ஆம் ஆண்டுச் சட்டம் ஒப்பந்தக்காரன் தலையில் வைத்தது. சட்டம் ஏட்டிலே படுத்தது. தொழிலாளி ரோட்டிலே படுத்தான்.

பூங்காவைத் தின்றது யார்?

“ஏழைகள் வந்ததால்தான் பூங்கா கெட்டது” என்கிறார்கள். சரித்திரம் என்ன சொல்கிறது? நாமெல்லோரும் சென்ட்ரலுக்குப் பக்கத்தில், மூர் மார்க்கெட் வளாகத்தில்தான் ஆவடி ரயில் ஏறுகிறோம். அந்த மண் ஒரு காலத்தில் பூங்கா! 1859ல் கவர்னராக வந்த டிரெவெல்யன் காலத்தில் உருவான பீப்பிள்ஸ் பார்க், அதாவது மக்கள் பூங்கா. 116 ஏக்கர் பரப்பு, குளங்கள் இருந்தன, மிருகக் காட்சிசாலையும் பிறகு அங்கேதான் இருந்தது. இன்று அது எங்கே? 1880களில் விக்டோரியா மண்டபம் வந்தது. 1900ல் மூர் மார்க்கெட் வந்தது. 1913ல் ரிப்பன் மாளிகை வந்தது. விளையாட்டரங்கம் வந்தது. 1985ல் மூர் மார்க்கெட் எரிந்து போயிற்று. அந்த இடத்தில் ரயில் நிலையக் கட்டடம் எழுந்தது. அதே ஆண்டு மிருகக் காட்சிசாலை வண்டலூருக்குப் போயிற்று. 116 ஏக்கரில் இன்று மிஞ்சியிருப்பது மை லேடீஸ் பூங்கா என்னும் சிறு துண்டு.

இந்தக் கட்டடங்களில் பயனுள்ளவையும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பூங்காவைத் தின்றவை கோப்புகளும் கையெழுத்துகளும்தான். பெஞ்சில் படுத்தவன் ஒரு சாண் நிலத்தையாவது பட்டா போட்டுக் கொண்டு போனானா? காலையில் எழுந்து துண்டை உதறிக்கொண்டு வேலைக்குப் போனான்!

பூட்டு இன்று அவனுக்கு, நாளை நமக்கு. இரவில் பூட்டுவார்கள், பிறகு பகலில் பூட்டுவார்கள், பிறகு டிக்கெட் என்பார்கள். 1923ல் சிங்காரவேலர் மே தினக் கூட்டத்தை எங்கே நடத்தினார்? கடற்கரைத் திறந்த வெளியில். திறந்த வெளிதான் உழைப்பாளியின் மண்டபம். அதற்குப் பூட்டுப் போட நாமே சாவி செய்து கொடுக்கலாமா?

சட்டம் என்ன சொல்கிறது?

பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்த வெளிகளைப் பாதுகாக்கத் தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டிலேயே சட்டம் உண்டு. பூங்காவைப் பேணுவது உள்ளாட்சியின் கடமை. நமக்கு அவர்கள் செய்யும் தயவல்ல.

நடைபாதைவாசிகள் வழக்கில் 1985ல் சுப்ரீம் கோர்ட், பிழைக்கும் உரிமை உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று கூறியது. நடைபாதையிலேயே குடியிருக்கலாம் என்று அது சொல்லவில்லை. அதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நமது கோரிக்கையும் அதுவல்ல. பூங்காவில் படுப்பது ஒரு மனிதனுக்கு வாழ்வாகுமா? கொசுவும் மழையும் போலீஸ் தடியும் யாருக்கு இன்பம்? அவனுக்குக் கூரை வேண்டும்!

நகர்ப்புற வீடற்றோர் காப்பகத் திட்டம் 2013ல் வந்தது. ஒரு லட்சம் ஜனத்தொகைக்குக் குறைந்தது 100 பேர் தங்கும் நிரந்தரக் காப்பகம். ஆளுக்குக் குறைந்தது 50 சதுர அடி. இதுதான் அந்தத் திட்டம் வகுத்த விதி. கணக்குப் போடுங்கள். 2011 கணக்கில் அம்பத்தூரின் ஜனத்தொகை 4 லட்சத்து 66 ஆயிரம். ஆவடி 3 லட்சத்து 45 ஆயிரம். அந்தப் பழைய கணக்குப்படியே அம்பத்தூருக்கு நான்கு, ஆவடிக்கு மூன்று காப்பகங்கள்; 700 பேருக்குப் படுக்கை! அம்பத்தூர் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது 2011ல். ஆவடி மாநகராட்சி ஆனது 2019ல். பெயர்ப்பலகை பெரிதாயிற்று, பொறுப்பும் பெரிதாக வேண்டாமா?

என்ன செய்ய வேண்டும்?

தோழர்களே, கோரிக்கைகள் தெளிவாக இருக்கட்டும்.

ஒன்று: ஒவ்வொரு பூங்காவிலும் விளக்கு, குடிதண்ணீர், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பிடம். கழிப்பிடம் கட்டாமல் அசுத்தம் என்று ஏசுவதில் பயனில்லை.

இரண்டு: வேலை கிடைக்கும் இடத்துக்கு அருகிலேயே இரவுக் காப்பகம். பெண்களுக்கும் குடும்பங்களுக்கும் தனி இடம். முப்பது மைல் தள்ளிக் கொண்டு போய் இறக்கினால், பிழைப்பைத் தேடி அவன் மறுநாளே திரும்பி வருவான்.

மூன்று: மாற்று இடம் காட்டாமல் யாரையும் விரட்டாதே. நோயாளிக்கு ஆஸ்பத்திரி, முதியவருக்குப் பென்ஷன், எல்லோருக்கும் ரேஷன் கார்டு.

நான்கு: தோட்ட வேலைக்கும் காவலுக்கும் ஆள் எடுக்கும்போது, அங்கே படுத்திருப்பவர்களில் உழைக்க வல்லவர்களுக்கு முதல் இடம், முறையான கூலி. செடிக்குத் தண்ணீர் ஊற்றியவன் செடியைப் பிடுங்க மாட்டான்.

ஐந்து: பெண்களைச் சீண்டுபவன், கஞ்சா விற்பவன் மீது நடவடிக்கை. வீடுள்ளவன் செய்தாலும் குற்றம் குற்றமே. வீடில்லாமல் இருப்பது மட்டும் குற்றமாகாது.

இவற்றை எங்கே கேட்பது? 2022 முதல் நகரங்களில் பகுதி சபைகள் கூடுகின்றன. அங்கே போங்கள். தாய்மார்கள் முன்வரிசையில் உட்காருங்கள். பூங்காவில் படுப்பவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் வாயாலேயே பேசட்டும். கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை எழுந்திருக்க வேண்டாம். ஞாயிறு காலையில் குடியிருப்போரும், தொழிற்சங்கத்தாரும், அங்கே தங்குவோரும் சேர்ந்து துடைப்பமும் மண்வெட்டியும் எடுங்கள். ஒன்றாகக் குப்பை வாரியவர்களைப் பிரித்து மோதவிடுவது யாருக்கும் எளிதல்ல.

குழந்தைக்கு ஊஞ்சல்! உழைத்தவனுக்குக் கூரை! இரண்டையும் சேர்த்தே கேட்போம்; சேர்ந்தே பெறுவோம்!