மின்னேற்று நிலையங்களுக்கு எத்தகைய விதி வேண்டும்?

(புல்மோட்டையில் நிகழ்த்திய உரை)

  

மின்சார வாகனத்தைப் பற்றிப் புல்மோட்டையில் பேச என்ன இருக்கிறது என்று சிலர் நம்மைக் கேட்டனர். அது கொழும்புச் செல்வரின் கவலை என்பது அவர்கள் எண்ணம். 2022ஆம் ஆண்டை அவர்கள் மறந்துவிட்டனர் போலும்! அன்று பெற்றோலுக்கும் டீசலுக்கும் இரவு பகலாக நாம் வரிசையில் நிற்கவில்லையா? எண்ணெய்க் கப்பல் வராவிட்டால் நம் வண்டியும் ஓடாது, படகும் ஓடாது என்பதை அன்று கண்டோம்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிடப்பட்டது. மின்சார வாகனங்கள் வரத் தொடங்கிவிட்டன. வண்டி வந்தால் மின்னேற்று நிலையம் வரும். நிலையம் வந்தால் விதியும் வரும். அந்த விதி யாருக்காக? இதுவே நம் கேள்வி.

முதலில் சட்டத்தை நோக்குவோம். 2009ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க மின்சாரச் சட்டப்படி, மின்சாரத்தை விநியோகித்து விற்பவருக்கு உரிமமோ விதிவிலக்கோ இருத்தல் வேண்டும். அச்சட்டத்தின் இடத்தில் 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 2025இல் அதுவும் திருத்தப்பட்டது. இலக்கம் மாறினும் கேள்வி மாறவில்லை. சந்தியில் கடை வைத்திருக்கும் ஒருவர் தம் முற்றத்தில் மின்னேற்றுக் கருவியொன்றை நிறுத்தினால், அவர் விற்பது மின்சாரமா, சேவையா? மின்சாரம் என்றால், பெருநிறுவனம் சுமக்கும் உரிமச் சுமையை அந்தச் சிறு கடைக்காரரும் சுமக்க நேரும்.

இந்திய அரசு இக்கேள்விக்கு 2018 ஏப்பிரிலில் விடை கூறியது. மின்கலத்துக்கு மின்னேற்றுவது சேவையே. அதற்கு உரிமம் வேண்டியதில்லை என்றது. ஆயினும் பாதுகாப்பு நியமங்களை அது கைவிடவில்லை. அதே ஆண்டு டிசம்பரில், நெடுஞ்சாலைகளில் 25 கிலோமீற்றருக்கு ஒரு நிலையமேனும் அமைய வேண்டுமென வழிகாட்டியது. வாசலை அகலத் திறந்து, தராசை மட்டும் இறுகப் பிடித்த முறை இது. நமக்கும் இதுவே ஏற்றது என்கிறோம்.

தராசு என்று ஏன் சொல்கிறோம்? மின்கலம் நிரம்ப நிரம்ப மின்னேற்றத்தின் வேகம் குறையும். நிமிடக் கணக்கில் பணம் வாங்கினால், கடைசிப் பங்குக்குக் கொடுக்கும் காசு மிகும். பெறும் மின்சாரமோ குறையும். நெல்லை நிறுக்காமல், மூட்டை தராசில் கிடந்த நேரத்துக்கு விலை கேட்பதை உழவன் ஒப்புவானா? ஆகவே அலகுக் கணக்கில் விலை வேண்டும். அவ்விலை வாசலில் எழுதப்பட வேண்டும். மானி அரசினால் பரிசோதிக்கப்பட வேண்டும். அளவைகளுக்கென 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறதே; மின்னேற்று மானி மட்டும் அதன் கண்ணுக்குத் தப்பலாமா?

அடுத்தது நேரம். மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை மின்சாரத் தேவை உச்சமடைகிறது. அந்நேரத்தில் வாகனங்களும் சேர்ந்தால் மின்கம்பியின் கடைக்கோடியில் உள்ள நம் வீட்டு விளக்கு மங்கும், நீர்ப்பம்பி திணறும். பகலிலோ வெயிலின் மின்சாரம் மிஞ்சுகிறது. 2025 ஏப்பிரிலில், புத்தாண்டு விடுமுறையின்போது, கூரைச் சூரியத் தகடுகளைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு மின்சார சபையே வேண்டிக்கொண்டது! நம் மாவட்டத்துச் சம்பூரில் 120 மெகாவாற் சூரிய மின் திட்டத்துக்கு அதே மாதம் அடிக்கல் நாட்டினர். பகலில் மிஞ்சுவதை வீணாக்கி, இரவில் எண்ணெயை எரிப்பது எந்த அறிவு? பகல் மின்னேற்றத்துக்குக் குறைந்த கட்டணம் என்று விதி சொல்லட்டும்.

மூன்றாவது தூரம். திருகோணமலைக்குப் போய்வர நமக்கு நூறு கிலோமீற்றருக்கு மேலாகிறது. மின்கலம் தேய்ந்த பழைய வண்டி அத்தூரத்தைத் தாங்காது. நோயாளியை ஏற்றிச் செல்பவர் நடுவழியில் நிற்பதா? இலாபத்தை மட்டும் பார்த்தால் நிலையங்கள் கொழும்பிலேயே குவியும். ஆதலால் குச்சவெளிப் பக்கம் ஒன்றும் புல்மோட்டையில் ஒன்றும் அமைய, தூரத்தை விதியிலேயே எழுத வேண்டும்.

இறுதியாக மொழி. மின்கசிவு உயிர் குடிக்கும். எச்சரிக்கைப் பலகையை வாசிக்க இயலாதவனுக்கு அது பலகையல்ல, வெறும் தகரம். தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரை கூறுகிறது. பலகையும் பற்றுச்சீட்டும் முறைப்பாட்டுப் படிவமும் தமிழில் வருவது சலுகையன்று, உரிமை.

சகோதரர்களே! விதி வந்தபின் ஒப்பாரி வைப்பது நம் பழைய வழக்கம். இம்முறை முன்கூட்டியே பேசுவோம். சரியான அளவு, பகற் கட்டணம், தூர ஒழுங்கு, தமிழ் மொழி ஆகிய நான்கையும் ஒரே மனுவாக எழுதிப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு அனுப்புவோம். சட்டம் தெரிந்தவர்கள் எழுதட்டும். உழவரும் மீனவரும் ஒப்பமிடட்டும். முதல் ஒப்பம் இன்று இம்மேடையிலேயே விழட்டும்.