சொல்லி வைத்துச் செய்யும் கத்தி

என்னிடம் பள்ளியிற் படித்தவர் ஒருவர் கொல்லுப்பட்டறை வைத்திருக்கிறார். சந்தைக்கென்று அரிவாளும் கத்தியும் அடித்து விற்பது அவர் தொழில். "ஐயா, அவரவர் விரும்பும் அளவில் தனியே செய்து தரும்படி பலர் கேட்கிறார்கள். விலையும் கூடத் தருவதாகச் சொல்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?" என்று அண்மையில் என்னை வினவினார்.

நான் முதலிற் கணக்கைத்தான் எடுத்தேன். சந்தைக்கு அடிக்கையில், ஓர் அரிவாள் உலையில் காய மற்றொன்று பட்டடையின் மேல் இருக்கும். மூட்டிய கரியும் சம்மட்டி அடிப்பவரின் கூலியும் பத்து அரிவாள்களுக்குப் பங்காகும். தனி வேலையிலோ ஒரே கத்திக்காக உலை மூட்ட வேண்டும். சொன்னவர் இருமுறை வந்து, வளைவு போதாது என்பார். அன்றைய பொழுது போயிற்று! இரு மடங்கு விலையும் இழப்பாக முடிவதுண்டு. ஆகையால் மாதிரி ஒன்றைத் தாமே செய்து, பிடித்த நேரத்தைக் குறித்துக்கொண்ட பின்னரே விலை பேசலாம் என்றேன். அச்சாரம் இரும்புக்கும் கரிக்கும் மேல் வேண்டாம். அரிசி வாங்கித் தீர்ந்த பணத்துக்காகப் பின்னர் சம்மட்டி பிடிப்பதைப் போன்ற சலிப்பு வேறில்லை.

ஆயினும் தனி வேலையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கதிர் அரிவாளின் பற்கள் ஒரு பக்கத்தில் மட்டுமே வெட்டப்படுகின்றன. வலக்கைக்கு ஏற்ப அமைந்தவை அவை. இடக்கையால் அறுக்கும் பெண்மணி ஒருவர் அந்த அரிவாளோடு நாள் முழுதும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. அவருக்கு மறுபக்கம் பல் வெட்டித் தருபவர் கொல்லரன்றி வேறு யார்?

கேட்பவர் நீளத்தையும் வளைவையும் சொல்வார். பதத்தைப் பற்றி வாய் திறக்க மாட்டார். லாரியின் வில்பட்டை எஃகில் கார்பன் ஏறக்குறைய 0.6 விழுக்காடு. காய்ச்சித் தோய்த்தவுடன் அது கண்ணாடிபோல் நொறுங்கக்கூடியது. மீண்டும் மெல்லச் சூடேற்ற, 230 பாகை அளவில் வைக்கோல் நிறமும் 300 பாகை அளவில் நீலமும் தோன்றும். காய்கறிக் கத்தியை முன்னதிலேயே நிறுத்தலாம். விறகு வெட்டும் அரிவாளையும் அங்கே நிறுத்தினால் வாய் தெறித்துவிடும். "கூர் மழுங்கவும் கூடாது, உடையவும் கூடாது" என்பவரிடம் இதனை முன்னதாகவே விளக்கிவிட வேண்டும். கேட்க மறுத்தால் அந்த வேலை வேண்டாம்.

இன்னொரு வகையாரும் வருகின்றனர். அரிவாள் நீளமாக வேண்டும் என்பார்கள். எந்த வேலைக்கு என்றால் விடை வராது. 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தை ஒட்டிய விதிகளில், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு, வீட்டுக்கோ உழவுக்கோ தொழிலுக்கோ உரியதன்று எனில் ஆயுதமாகவே கொள்ளப்படும். வாங்குவோரின் பெயரையும் நோக்கத்தையும் குறித்து வைக்கும்படி 2021இல் தமிழ்நாட்டுக் காவல்துறை பட்டறைகளுக்கு அறிவுறுத்தியது. ஏடு இருக்கட்டும், அந்த அலகு நாளை எவர் வீட்டு வாசலில் கிடக்குமோ என்ற எண்ணத்தோடு ஒருவர் எப்படி உறங்குவார்? இத்தகைய வேலையை எவ்விலைக்கும் ஏற்காதே, தம்பி என்றேன்.

"மறுத்தால் பகை வருமே, ஐயா" என்றார். வரலாம். சந்தை வேலை கையில் இருப்பவருக்கு மறுப்பது சற்றே எளிது. அதனாலேயே அதனை விட்டுவிடக் கூடாது என்றேன். இப்பொழுது அவர் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் தனி வேலை செய்கிறார். இடக்கை அரிவாள்கள் நான்கு அடுத்த அறுவடைக்குள் முடிய வேண்டுமாம்.