மூடி திறக்காத நகை

பெரம்பலூருக்குப் பக்கத்தில் சிறுவாச்சூர். அங்கே மதுரகாளியம்மன் கோயிலில் வழக்கமாகத் திங்களும் வெள்ளியும்தான் நடை திறப்பார்கள். மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி இங்கேதான் கோபம் தணிந்து அமர்ந்தாள் என்று ஒரு கதை இந்தப் பக்கம் வழங்குகிறது. உள்ளே பொருளை ஒளித்த நகையைப் பற்றிப் பேச இந்த மண்ணைவிடப் பொருத்தமான இடம் ஏது? வெளிப்பார்வைக்கு இரண்டு சிலம்பும் ஒன்றுதான். அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். உடைத்த பிறகல்லவா வழக்கு தீர்ந்தது!

சிலம்பு உள்ளே கூடான நகை. அதற்குள் உருளும் பரல்தான் அதற்குக் குரல். இன்றைய கொலுசில் முத்துகள் வெளியே தொங்குகின்றன. சத்தம் இருக்கிறது, ரகசியம் போய்விட்டது.

ரகசியம் இன்னும் மிச்சமிருப்பது குழந்தையின் அரைஞாணில். தொப்புள்கொடி ஒன்றிரண்டு வாரத்தில் காய்ந்து உதிரும். பாட்டி அதைத் துணியில் முடிந்துவைத்து, பத்தரிடம் கொடுத்துத் தாயத்து செய்யச் சொல்வாள். சுண்டுவிரல் நுனியளவு வெள்ளிக்குழல், இரண்டு பக்கமும் மூடி, கயிறு கோக்க வளையம். கொடியை உள்ளே வைத்தபின் நெருப்பு காட்டினால் கருகிவிடும். அதனால் மூடியை அழுத்தி, அரக்கோ மெழுகோ வைத்து அடைப்பார்கள். இதையே 'அன்றே ஸ்டெம்செல் சேமித்த முன்னோர்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றவிடுகிறார்கள். காய்ந்த கொடியில் உயிருள்ள செல் ஏது? பேரப்பிள்ளை மேல் இருக்கும் பாசத்துக்கு விஞ்ஞானச் சான்றிதழ் எதற்கு?

பத்தர்களின் அரக்கு தாயத்தோடு நிற்பதில்லை. மெல்லிய தங்கத்தகட்டில் செய்த நகை நசுங்காமலிருக்க உள்ளே அரக்கை நிரப்புவார்கள். அடகுக்கடைக்குப் போகும் நாளில்தான் அது நினைவுக்கு வரும். தராசில் எடை சொன்ன கையோடு, 'அரக்குக்குக் கழிக்கணும்' என்பார் கடைக்காரர்.

நகைக்குள் ஒளித்துவைப்பது நம் ஊரோடு முடியவில்லை. விக்டோரியா மகாராணி, 1861இல் கணவர் ஆல்பர்ட் இறந்தபின், அவர் தலைமுடியை லாக்கெட்டில் வைத்து அணிந்தார். லாக்கெட்டுக்குக் கீல் உண்டு. வேண்டும்போது திறந்து பார்க்கலாம். தாயத்தை யாரும் திறப்பதில்லை.

என்னுடையது அம்மாவின் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது. கறுத்து, ஒரு பக்கம் நசுங்கி. காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே ஏதோ லேசாக உருள்கிறது. மூடியைத் திருகிப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

'வச்சிருந்த இடத்துலயே வையிடா' என்றாள்.